தாடைக்குக் கீழே வெளிச்சம்

பெர்மாஸ் ஜெயா
2.3.2025

அன்புள்ள நாதன்,

நானும் பாப்பாவும் நலம். முதுகுவலி எப்படி இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறதா என்று ஒளிக்காமல் எழுதுங்கள். அந்த விபத்து வழக்கில் உங்களை ஜெயிலில் வைத்தபோது நிவேஷ்னிக்குச் சரியாக நிற்கத் தெரியாது. இப்போது மூன்று வயது நிறையப் போகிறது.

தெப்ராவ் அச்சகத்திலிருந்து அழைப்பிதழ் வேலைகள் வருகின்றன. எல்லாம் டேப்லட்டில்தான் வரைகிறேன். வாங்கும்போது என்ன சொன்னீர்கள்? "இது படம் வரையிற சாமான் இல்ல பிரேமா, படம் பாக்குற சாமான். ஆறு மாசத்துல கார்ட்டூன் பெட்டி ஆயிடும் பாரு." காலேஜில் பக்கத்து மேசையில் போஸ்டர் கலரைச் சட்டையெல்லாம் பூசிக்கொண்டவர் வேறு எப்படிப் பேசுவார்! இதோ, அதில் வரைந்து அச்சடித்த பாப்பாவின் படங்கள் மூன்று. இப்போது சொல்லுங்கள்.

நேற்று ஓர் அழைப்பிதழுக்கு நான் வரைந்த யானையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். அது நகரவில்லை. அதற்கு ஒரே அழுகை. சிரித்துவிட்டேன்.

உங்கள்
பிரேமலா

19.3.2025

அன்பு பிரேமா,

படங்கள் கிடைத்தன. வார்டன்கூட கொடுக்க மனமில்லாமல் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். கோடுகள் பிரமாதம்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மூன்று படத்திலும் பிள்ளை குனிந்தே இருக்கிறாள். மூன்றிலும் வெளிச்சம் தாடைக்குக் கீழேயிருந்து வருகிறது. மூக்கின் நிழல் நெற்றிப் பக்கம் ஏறுகிறது. நீ நிழலைத் தப்பாகப் போடுகிறவள் இல்லை. கண்டதைத்தான் வரைந்திருக்கிறாய். கையில் என்ன வைத்திருக்கிறாள்?

நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. இங்கே உட்கார்ந்து ஜெயித்து என்ன லா செய்யப் போகிறேன்.

இந்த இடத்துக்குப் பிள்ளை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இப்போது கேட்கிறேன், கூட்டி வா. கண்ணாடிக்கு அப்பாலிருந்தாவது பார்க்கிறேன்.

உன்
நாதன்

பெர்மாஸ் ஜெயா
6.4.2025

நாதன்,

ஆமாம். கையில் டேப்லட்தான். போதுமா?

நான் சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும், அச்சகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் பார்த்துக்கொண்டிருந்தால் நான் வரைய முடியாது. நான் வரைய எடுத்தால் அவள் தலையைச் சுவரில் முட்டுகிறாள். அவள் தூங்கிய பிறகு நினைவிலிருந்துதான் அவளை வரைகிறேன். நினைவில் வேறு முகம் இல்லை.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி கேட்டார், "பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்பிப் பாக்குறாளாம்மா?" "சில நேரம்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது, நம்பவில்லை. இன்னும் அம்மா என்று கூப்பிடவில்லை, நாதன். டேப்லட்டாலா, பிறவியிலேயேவா என்று கேட்டேன். "டாக்டர்தான் சொல்லணும்" என்று பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்.

இந்த மாதக் கடைசியில் கூட்டி வருகிறேன். முகம் மழித்துக்கொண்டு வாருங்கள். வீட்டுப் படத்தில் அவள் பார்க்கிற முகம் அதுதான்.

பிரேமலா

29.4.2025

என் பிரேமா,

இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை. பேசினால் அது கலைந்துவிடும் போலிருந்தது.

பார்த்தாய் அல்லவா? கண்ணாடி ஓரத்து டெலிபோன் ரிசீவரைக் காதில் வைத்ததும் மிரண்டாள், தட்டிவிட்டாள், சரி. அப்புறம் கையை நீட்டிக் கண்ணாடியில் என் கன்னத்தைத் தடவினாளே! ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. நானும் இந்தப் பக்கம் கன்னத்தை ஒட்டிவைத்துக் கொடுத்தேன். அலமாக், இவ்வளவு பெரிய ஆள் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். நீ ஏன் அவள் கையைப் பிடித்து இழுத்தாய்? விட்டிருக்கலாம்.

மருத்துவமனையில் என்ன சொன்னாலும் பயப்படாதே. அப்பாவைத் தெரிகிற பிள்ளைக்கு மற்றதெல்லாம் வரும். அந்த விரலை நினைத்துக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவேன்.

உன்
நாதன்

பெர்மாஸ் ஜெயா
11.5.2025

நாதன்,

அது தடவல் இல்லை.

டேப்லட்டில் பிடிக்காத படம் வந்தால் அவள் விரலால் அப்படித்தான் தள்ளுவாள். அடுத்தது வரும். அன்று கண்ணாடியில் உங்கள் முகம் வந்தது. தள்ளினாள். போகவில்லை. மறுபடி தள்ளினாள். நீங்கள் கன்னத்தைக் கொண்டுவந்து வைக்க வைக்க அவளுக்குக் கோபம் ஏறியது. ரிசீவர் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்ததால் அவள் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை. "நெக்ஸ்ட். நெக்ஸ்ட்." அவளுக்கு வருகிற ஒரே சொல் அது. அதனால்தான் கையை இழுத்தேன்.

இதை உங்களிடம் சொல்லாமல் நான் யாரிடம் சொல்வது? சொல்லிவிட்டால், அங்கே நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள்?

இதைத் தபாலில் போட மாட்டேன். மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைக்கிறேன். உங்களுக்கு வேறு எழுதுகிறேன்.

பெர்மாஸ் ஜெயா
11.5.2025

அன்புள்ள நாதன்,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

ஆமாம், உங்கள் கன்னத்தைத்தான் தடவினாள். நேரமாகிவிட்டது என்று வார்டன் கைகாட்டியதால் அவசரத்தில் இழுத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள். மருத்துவமனையிலிருந்து இன்னும் தேதி வரவில்லை. பாப்பாவுக்குக் கொஞ்சம் சளி. அடுத்த மாதம் நான் மட்டும் வருகிறேன்.

இதனோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். டேப்லட்டில் வரைந்ததுதான். எதையும் பார்த்து வரையாததால் நாள் பிடித்தது. இதில் பாப்பா நிமிர்ந்து உங்களை நேராகப் பார்க்கிறாள். வெளிச்சம் மேலேயிருந்து வருகிறது.

நிழலெல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

உங்கள்
பிரேமலா