மூக்குத்தியும் மூன்று புள்ளிகளும்

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? குளிர் ஊரில் சாக்ஸ் இல்லாமல் நடக்க விடாதீர்கள்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு இயந்திரத்தைச் சரிபார்ப்பதற்கு மனசு தேவையில்லை, கை போதும். வீட்டில் சமைக்கிறேன். உப்பு போட்டேனா இல்லையா என்று சாப்பிட்டாலும் தெரிவதில்லை.

உங்கள் தங்கையின் நினைவு ஆராதனைக்காகப் போதகரிடம் நீங்கள் பேசி முடித்த சமாதானத்தைப் பற்றி எழுதியது கிடைத்தது. அவள் அவருக்கு வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும்: மைக்செட். அடக்கத்தன்று அவர் பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, சரீரத்தில் பச்சை குத்துகிறவர்களைப் பற்றி முழங்கியதை நீங்கள் கேட்கவில்லை. விமானம் தாமதமாகிவிட்டது. கொடுத்துவைத்தவர் நீங்கள்.

அவளைக் குளிப்பாட்டிய சபைப் பெண்கள் நெஞ்சில் ஒன்றும் விலாவின் இரு பக்கமும் ஒவ்வொன்றுமாக நீலப் புள்ளிகளைப் பார்த்திருக்கிறார்கள். உடனே ஓடிப்போய், "ஐயா, உடம்பெல்லாம் பச்சை குத்தியிருக்கா" என்று சொல்லிவிட்டார்கள். உடம்பெல்லாம்! கடுகளவுகூட இல்லாத புள்ளிகள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர் தினமும் ஒரே இடத்தில் விழுவதற்காக ஆஸ்பத்திரியில் ஊசியால் மை குத்தி வைப்பது. லேசர் கோடு அதன்மேல் வந்து நிற்கும். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். மைக்செட் எப்போது கேட்டிருக்கிறது?

அது சிகிச்சைக்கான அடையாளம் என்று நான் சபைக்கு முன்னால் நின்று விளக்கினால், "அறியாமல் பேசிவிட்டேன்" என்று அவர் பெரிய மனசோடு சொல்வாராம். பதிலுக்கு ஆராதனையில் அவளுடைய மூக்குத்தி இல்லாத படத்தை வைக்க வேண்டுமாம். படத்தையும் பார்த்தேன். மூக்குத்தியை அழிக்கப் போய் பாதி மூக்கை அழித்து வைத்திருக்கிறார்கள். அந்த மூக்கோடு போனால் பாஸ்போர்ட்கூடக் கொடுக்க மாட்டார்கள், பரலோகத்தில் எப்படி விடுவார்கள்?

நான் விளக்கப் போவதில்லை, மச்சான். புள்ளிகளுக்கு மன்னிப்பு வாங்கினால் மூக்குத்தி பாவம் என்று ஒத்துக்கொண்டதாகும். புள்ளிகள் டாக்டர் குத்தியவை. மூக்குத்தி அவளே ஆசைப்பட்டுக் குத்திக்கொண்டது. தலைமுடி கொட்டிய வாரம் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "மேல ஒண்ணும் இல்ல, நடுவுல ஒண்ணாவது மின்னட்டும்ங்க" என்றாள். குத்தியவன் வலிக்கிறதா என்று கேட்டதற்குச் சிரித்தாள். அவள் பட்டிருந்த வலிக்கு அது எறும்புக்கடி.

போதகர் வேதத்திலிருந்து காட்டும் அந்தப் பழைய சட்டத்தை நானும் எடுத்துப் பார்த்தேன். பச்சை குத்தாதே என்ற வரிக்கு முந்தின வரியிலேயே தாடியின் ஓரத்தை வெட்டாதே என்று இருக்கிறது. மழுமழுவென்று மழித்த முகத்தோடு அதை வாசிக்கிறார். இன்னும் மேலே, இரண்டு வகை நூல் கலந்த உடை கூடாது என்கிறது. அவர் கோட்டின் துணியை ஒருநாள் விசாரியுங்கள். எங்கள் கல்யாணத்தில், வேதத்தில் கிணற்றடியில் பார்த்து முடிவான அந்தப் பெண்ணைப் போல இரு என்று இதே வாயால்தான் அவளை வாழ்த்தினார். எஜமானின் மகனுக்குப் பெண் பார்க்க வந்த வேலைக்காரன் அவள் முகத்தில் பொன் நகை போட்டான் என்று வேதத்திலேயே இருக்கிறது. மூக்கை விட்டால் முகத்தில் நகை போட வேறு எந்த இடம் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஆராதனை வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அடக்கத்தன்று, "மூக்குத்தியைக் கழட்டினாத்தான் ஜெபம்" என்று அவர் நின்றுவிட்டார். திருகு இறுகியிருந்தது. அத்தை சோப்புத் தண்ணீர் கேட்டார், நான் எடுத்து வந்து கொடுத்தேன். அன்று யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கழற்றியதை அத்தை கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அது அங்கேதான் இருக்கும்.

அத்தையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மகளுக்கு ஜெபம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்துவிட்டார். பக்குவமாகக் கேட்டு வாங்கி அனுப்புங்கள். திருகு தனி, கல் தனி. இரண்டையும் பஞ்சில் சுற்றுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். தினமும் காலையில் லேசர் கோட்டைச் சரிபார்க்கிறேன். அது வந்து நிற்க ஒரு புள்ளி இல்லாமல் காலிப் படுக்கையில் விழுகிறது.

கர்த்தர் உங்கள் எல்லோரையும் காக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், மைக் இல்லாமல்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்