கறுத்துப்போன கல்யாணப் பத்திரிகை

அன்புள்ள அப்பாவுக்கு,

கவியா வணக்கத்துடன் எழுதுவது. கரியாலூரில் நீங்களும் அம்மாவும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே சென்னை அச்சகத்தில் போன வாரம் ஒரு சின்னச் சிக்கல். பெரிதாக எண்ண வேண்டாம். நான் வடிவமைத்த கல்யாணப் பத்திரிகை ஆயிரமும் கறுப்பாக அச்சாகிவிட்டன. என் லேப்டாப்பில் அது நல்ல அரக்குச் சிவப்பாகத்தான் இருந்தது. கல்யாணப் பெண்ணின் அப்பா கடைக்கே வந்து, "கல்யாணத்துக்குக் கறுப்புப் பத்திரிகையா?" என்று கத்தினார்.

முதலாளி தீனதயாளன் எல்லார் முன்னாலும், "இன்னாம்மா, கண்ணு தெரியலியா? நாளையிலேர்ந்து வராத" என்றார்.

என் கண்ணையே சந்தேகப்பட்டேன் அப்பா. ஆனாலும், "சார், அதே படத்த உங்க லேப்டாப்புல ஒரு தடவ தொறந்து பாருங்க" என்று கேட்டேன்.

முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். அவருடைய விலை உயர்ந்த திரையில் அச்சில் வந்த அதே கறுப்பு தெரிந்தது. எனக்குக் கொடுத்த மலிவான லேப்டாப்பில் மட்டும் நிறம் வெளிறிச் சிவப்பாக நின்றது. கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தால் அந்தச் சிவப்பும் மாறியது.

பெண்ணின் அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தப் பொண்ண இன்னாத்துக்குத் திட்னீங்க?" என்றார்.

முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுபடி அச்சடிக்கச் சொன்னார். இனி நிறம் பார்ப்பதெல்லாம் அவர் லேப்டாப்பில்தான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் சாமை அரிசி கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வந்து கூப்பிடுங்கள். விஷயம் ஒன்றுமில்லை. நீங்கள் "கவியா" என்று கூப்பிடுவதைக் கேட்க வேண்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
கவியா