விளக்கு வைத்த பிறகு கேட்காத கேள்வி

இன்று காலை பெருங்காய டப்பாக்களை அடுக்கிலிருந்து இறக்கும்போது, பின்னால் சாய்ந்திருந்த உன் பரீட்சைப் புத்தகம் கையோடு வந்தது. திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் பெருங்காய மணம். வங்கிகளுக்கிடையே பணம் எப்படிப் போகிறது என்று சொல்லும் புத்தகம், சாம்பார் மணத்தோடு உலகத்தில் வேறு எங்கும் இருக்காது. வங்காளத்தில் வந்து பவானிபூர்ப் பலசரக்குக் கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டால் இப்படித்தான் என்று கேலி பேச நீ இல்லை. டப்பாக்களைத் தரையிலேயே விட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வந்த வாடிக்கையாளர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார்.

நீ செக்டர் ஃபைவ் ஆபீஸிலிருந்து பஸ் பிடித்து நேராகக் கடைக்குத்தான் வருவாய். இட்லி அரிசி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இந்தப் புத்தகத்தை என்னிடம் நீட்டுவாய். நான் கேட்க வேண்டும், நீ சொல்ல வேண்டும். வெளிநாட்டு வங்கிகள் அனுப்பும் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கிற வேலை உனக்கு. உனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இந்தப் பரீட்சையில் தேறி வாங்கிய சான்றிதழைக் காட்டி உனக்கே மேலதிகாரிகளாக வந்தது உனக்கு வலித்தது. ஆனால் அந்த ஆத்திரத்தில் மட்டும் நீ படிக்கவில்லை. அந்த வேலையை நீ ஆசையாகச் செய்தாய். "எங்கயோ ஒருத்தன் பட்டன அமுக்குதான், இன்னொரு ஊர்ல ஒருத்தி வீட்டு அடுப்புல அரிசி வேகுது. நடுவுல நிக்கது நாங்கதான், பாத்துக்கிடுங்க" என்பாய்.

நான் அப்பளக் கட்டைப் பிரித்துக்கொண்டே நம்மூர் ஆங்கிலத்தில் கேள்விகளை வாசிப்பேன். நடுவில் யாராவது கறிவேப்பிலை கேட்டு வருவார்கள். பாதிக் கேள்வியில் நான் நிறுத்திவிட்டால் மீதியை நீயே முடித்துப் பதிலும் சொல்லிவிடுவாய். தெரு முழுக்க விஷயம் தெரிந்து, வருகிறவர்கள் எல்லாம் பௌதிக்கு, அதாவது அண்ணிக்கு, பரீட்சை எப்போது என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். நீ வெட்கப்பட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்வாய்.

சிக்கல் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் வரும். அப்பா காலத்திலிருந்தே நம் கடையில் விளக்கு ஏற்றிய பிறகு யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. உளுந்து தீர்ந்திருந்தால்கூட 'நாளைக்கு வரும்' என்றுதான் சொல்ல வேண்டும். உன் புத்தகத்திலோ, அனுப்பிய பணம் ஏன் திரும்பி வரும் என்று ஒரு நீளமான அத்தியாயம். கணக்கில் பணம் இல்லை, அப்படி ஒரு கணக்கே இல்லை, எடுக்க அனுமதி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, அதை நீ மனப்பாடம் செய்தாக வேண்டும். முதலில் மறுத்தேன். "முழுப் பாடமும் இல்ல இல்லன்னுதான் இருக்கு. நான் என்ன, நாளைக்கு வரும்னா எழுதிட்டு வர?" என்று நீ கத்தியதில் விட்டுக்கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் கடைசிவரை நான் வாசிக்கவில்லை. கணக்குதாரர் இறந்துவிட்டால் எந்த எண் என்ற கேள்வி. அந்த வரி வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். நீ சிரிப்பாய். "அவன் பரீட்சையில கேப்பான். ஒங்க கடையில வெளக்கு வச்சாச்சான்னா பாப்பான்?"

"நீ காலையில தனியா படிச்சிக்கோ. எங்கிட்ட கேக்காத."

பூஜைப் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்த வாரத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள். இந்த ஊரில் யாருக்கு வரவில்லை, வந்து போகும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் டாக்ஸியில்கூட, "புஸ்தகத்த எடுத்தீங்களா? அங்க சும்மாதான படுத்திருப்பேன், கேள்வி கேளுங்க" என்றாய். எடுத்துத்தான் வந்திருந்தேன். அதைத் திறக்க நமக்கு நேரம் வாய்க்கவில்லை. தென்காசியிலிருந்து மாமா வந்தார், பாவம், வாழ்நாளில் முதல்முறையாக விமானம் ஏறி, மகளைத் தகனம் செய்ய. நீ எழுத வேண்டிய நாளன்று உன் போனுக்குப் பரீட்சையை நினைவூட்டி ஒரு மெசேஜ் வந்தது. எனக்கு அடக்க முடியவில்லை, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு மாதம் பிறந்தது, உன் போன் மறுபடி சிணுங்கியது. மாமாவுக்கு மாதா மாதம் போகும் பணம் உன் கணக்கிலிருந்து போய்விட்டது என்று வங்கி சொன்னது. அந்த ஏற்பாட்டை நீ செய்த அன்று, "இனி நான் மறந்தாலும் அது மறக்காது" என்று பெருமையாகச் சொன்னாய். ஆபீஸிலிருந்து வர வேண்டிய பாக்கியெல்லாம் உன் கணக்கில் வந்து சேர்ந்திருந்ததால் அது மறக்காமல் போய்க்கொண்டே இருந்தது. நான் உன் போனுக்குச் சார்ஜ் ஏற்றி, ரீசார்ஜ் செய்து, கல்லாப் பெட்டி பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். உன் பெயரைச் சொல்லி இந்த உலகத்தில் ஏதோ ஒன்று நடக்கிறதே, அது எனக்குப் போதுமாக இருந்தது.

டாக்குரியாவில் நாம் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா, சித்தி முறை வைத்துக் காக்கிமா என்று கூப்பிடுவோமே, அவர்தான், இப்படி விடக்கூடாது, போய் வங்கியில் சொல் என்று விரட்டினார். போனேன். கவுண்டரில் இருந்த பெண் சின்ன வயதுக்காரி, மரியாதையாகப் பேசினாள். கணக்கு உங்கள் மனைவியுடையது, அவர் ஏன் வரவில்லை என்று வங்காள மொழியில் கேட்டாள். சொல்லத்தானே போயிருந்தேன்? ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். பரவாயில்லை, வந்ததும் அழைத்து வாருங்கள் என்றாள். டாக்குரியா வந்து இறங்கும்வரை எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது என்று சொன்னால் நீ நம்புவாயா? வங்கிக்காரியே சொல்லிவிட்டாளே, வந்ததும் அழைத்து வா என்று.

அடுத்த மாதம் பணம் போன அன்று மாமா கூப்பிட்டார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ள, இந்த மாசமும் அவ பேர்ல வந்திருக்கு."

"ஆமா மாமா."

"நிறுத்திருங்க மாப்ள. மெசேஜ் வந்த ஒடனே புள்ள பணம் போட்டிருக்குன்னுதான் மனசு சொல்லுது. பொறவுதான் ஞாபகம் வருது. மாசா மாசம் யாரோ புதுசா வந்து எழவு சொல்லுத மாரி இருக்கு."

எனக்கு எது துணையாக இருந்ததோ அதுவே அவரை மாதம் ஒருமுறை கொன்றுகொண்டிருந்தது. அவர் கேட்டபிறகும் அதைப் பிடித்துவைத்திருக்க நான் யார்? ஆனால் நிறுத்தினால் உன் போன் ஊமையாகிவிடும். அன்று முழுக்கக் கடையில் கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்றாக இருந்தேன்.

இந்த முறை காக்கிமா கூடவே வந்தார். அதே பெண்தான் கவுண்டரில். என்னை அடையாளம் கண்டு, வந்துவிட்டாரா என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "மாரா கேச்சே" என்றேன். செத்துப்போய்விட்டாள் என்று நான் முதன்முதலாகச் சொன்னது தமிழில்கூட இல்லை. அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்து வந்து என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இறப்புச் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் கணினியில் ஏதோ எண்ணைத் தட்டியபோது, நான் புரட்டிப் புரட்டிவிட்ட அந்த வரிக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தது. காக்கிமா என் முதுகில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

அதன் பிறகு மாதம் பிறந்தபோது என் கணக்கிலிருந்து மாமாவுக்கு அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது.

"பணம் வந்துட்டு மாப்ள. ஒங்க பேரு போட்டிருந்துது."

"சரி மாமா."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "நான்தான் நிறுத்தச் சொன்னேன். ஆனாலும் காலையில இருந்து போனப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார். "மாப்ள, அனுப்பினது நீங்கன்னே இருக்கட்டும். அவ பேரு ஓரத்துல எங்கயாவது வருத மாரி செய்ய முடியுமா? பாஸ்புக்ல பாத்துக்கிடுவேன்."

முடியும். அதற்கும் உன் புத்தகத்தில் விடை இருக்கிறது. அனுப்புகிறவர் தன் இஷ்டத்துக்கு எதையாவது எழுதிக்கொள்ள ஒரு கட்டம் உண்டு. பணம் போய்ச் சேர அது தேவையில்லை, எந்த வங்கியும் அதை வைத்து எதையும் தீர்மானிப்பதில்லை, இங்கே கொடுத்ததை அங்கே அப்படியே சேர்த்துவிடும்.

இன்று மாதப் பிறப்பு. டப்பாக்களை அடுக்கி முடித்துவிட்டு மாமாவுக்கு அனுப்பினேன். அந்தக் கட்டத்தில் உன் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினேன். மாதா மாதம் தானாகப் போகட்டுமா என்று போன் கேட்டது. எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியும், நீ செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன்தானே. வேண்டாம் என்று அமுக்கிவிட்டேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது உன் பெயரை நான் முழுதாக எழுத வேண்டும்.