கொற்றிக்கு ஒரே வரி

திண்டிவனம்,
24-6-1963

சிரஞ்சீவி விருத்தாசலத்துக்கு அப்பா முருகையன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். நீ பம்பாய் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் அண்டாமல் இருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே இன்னும் ஒரு நல்ல மழை இல்லை, ஆனாலும் ஆடியில் நிலக்கடலை விதைக்க வேண்டுமே என்று எல்லாரும் விதை மல்லாட்டைக்கு அலைகிறார்கள். மண்டியில் வேலை நெரிகிறது. மிஷினில் உடைத்தால் பருப்பின் தோல் உரிந்து முளைக்காது என்று விதைக்கு மட்டும் கையால்தான் உடைக்கிறோம், பன்னிரண்டு பொம்பளைகள் கொட்டகையில் உட்கார்ந்து உடைக்கிறார்கள், நான் வழக்கம்போல் தராசுப் பக்கம். கறுப்புப் பசு ஈன்று கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. என் வலது முழங்கால் மாடி ஏற விடவில்லை, நமக்கு மாடி இல்லாததால் தொந்தரவும் இல்லை.

இந்தக் கடிதம் உன் தொடர்கதையைப் பற்றியது. நீ புனைபெயரில் எழுதுவதால் மண்டியில் ஒருவருக்கும் அது உன் கதை என்று தெரியாமல் இருந்தது, நானும் சொல்லவில்லை. மாசியில் முதல் வாரம் பத்திரிகை வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டகையில் உட்கார்ந்து நான் வாசிப்பதும், அவர்கள் உடைத்துக்கொண்டே கேட்பதும் வழக்கமாகிவிட்டது. முதலாளி முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு கதை கேட்கும்போது ஒருத்தியும் பருப்பை வாயில் போட்டுக்கொள்வதில்லை என்று கண்டுகொண்டு, தினமும் வாசியுங்களேன் என்றார். உன் கதையால் ஆன நல்ல காரியம் அது ஒன்று. மற்றபடி அவர்கள் சொல்லும் குறைகளை அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மூன்று வாரம் அந்த ஒற்றைக்கண் மந்திரவாதியின் செருப்பையும் செப்பு மோதிரத்தையும் வர்ணித்தாயே, அவன் அமாவாசையில் பேசமாட்டான் என்று ஒரு சபதம் வேறு வைத்தாய், அப்புறம் அவனைக் காணவே காணோம். உடைக்கிறவர்களில் ஒருத்தியான முனியம்மாள் என்னிடம், "அந்த ஒத்தக்கண்ணன் எங்கண்ணே, சந்தைக்குப் போனாப்பல போனான், இன்னும் திரும்பலியே" என்று கேட்டாள். ஐந்தாம் வாரத்தில் செத்த வெள்ளைக் குதிரை மேல் இளவரசன் பதினொன்றாம் வாரத்தில் ஏறிப் போகிறான். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவனுக்கு ஒரு புது மந்திரம் ஞாபகம் வந்துவிடுகிறது, ஆகையால் அவனுக்காக யாரும் பயப்படுவதில்லை. பூதம் இதுவரை மூன்று தரம் செத்திருக்கிறது. "செத்தது எழுந்துக்கினே இருந்தா இவன் இன்னாத்துக்கு அந்த வாளத் தூக்கிக்கினு அலையறான்" என்றாள் முனியம்மாள்.

அவர்களுக்குப் பிடித்தவள் கொற்றி ஒருத்திதான். குகை வாசலில் ஒற்றை ஆளாகக் காவல் நின்று, கல்லுக்கு உள்ளேயிருந்து தட்டுகிற ஆவி எதுவாக இருந்தாலும் முதலில் உன் தாய் பேரைச் சொல் என்று கேட்பாளே, தாய் பேர் மறந்த ஆவியை வெளியே விடமாட்டேன் என்பாளே, அந்த இடம் வாசித்தபோது பன்னிரண்டு பேர் கையும் நின்றுவிட்டது. அவளுடைய இடது முழங்கையில் கஞ்சி கொட்டின தழும்பு என்று நீ எழுதியிருந்த வரியை நான் வாசித்துவிட்டேன், வாசித்த பிறகுதான் யாருடைய தழும்பு என்று உறைத்தது. உன்னையும் கெங்காவையும் வண்டி கட்டி மண்டகப்பட்டுக்கு அழைத்துப் போனதும், குகை வாசலில் இரண்டு பக்கமும் நிற்கும் சிலைகளைப் பார்த்து உன் அக்கா, "பொம்பளக் காவல் ஏம்ப்பா வைக்கல" என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது, உனக்கு ஏழு. நீ அவளை அந்த வாசலில் நிறுத்திவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமா துக்கமா என்று சொல்லத் தெரியவில்லை. ஒரே பக்கமாக உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருந்தது.

பதினான்காம் வாரத்தில் பூதத்தின் சேனையும் இளவரசன் சேனையும் மோதுகிற போரை இரண்டு பக்கம் எழுதினாய். இளவரசன் தலைப்பாகை எப்படி அவிழ்ந்தது என்பதற்குப் பத்து வரி. கடைசியில், கொற்றியும் அப்போரில் மாண்டாள் என்று ஒரே வரி. எப்படி, யார் கையால், அப்போது வாசலில் யார் இருந்தார்கள், ஒன்றும் இல்லை. அடுத்த வரியில் இளவரசன் வேறு ஊருக்குப் புறப்பட்டுவிட்டான். நான் அந்த வரியை வாசிக்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்து, கொற்றி காயத்தோடு குகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று நானாகச் சேர்த்து வாசித்துவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் அவள் எப்போது வருவாள் என்று கேட்டார்கள், குகைக்குள் விளக்கு எரிகிறது என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்கும் அடுத்த வாரம் உள்ளே யாரோ அம்மியில் மருந்து அரைக்கிற சத்தம் என்றேன். இப்படி ஐந்து வாரம். நீ அங்கே ஒரு கதை எழுதினாய், நான் இங்கே ஒரு கதை வாசித்தேன்.

கொட்டகையில் உடைக்க வரும் சவுரியம்மாளின் மகள் லூர்துமேரி டீச்சர் டிரெயினிங் படிக்கிறது. அந்தப் பெண் எங்கேயோ அதே பத்திரிகையைப் படித்துவிட்டு, கொற்றி செத்துப்போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது என்று தாயிடம் சொல்லியிருக்கிறது. சவுரியம்மாள் எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. போன வியாழக்கிழமை பருப்பை எடை போடக் கொண்டுவந்தவள், தராசு நின்ற பிறகும் நகராமல் மெதுவாகச் சொன்னாள், "அந்தப் பொண்ணு செத்துப்போச்சாமேய்யா. எங்களாண்ட மறைக்கிறதுக்கு இன்னா இருக்குது. செத்துட்டான்னு சொல்லுங்க, அழுவறோம். சொன்னாத்தான அழுவ முடியும்" என்று. அவ்வளவுதான் சொன்னாள், கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அடுத்த மூன்று கூடைக்கு எடைக்கல்லை மாற்றிப் போட்டிருக்கிறேன், முதலாளி சத்தம் போட்டபோதுதான் தெரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை பழைய பத்திரிகையை எடுத்துப் பதினான்காம் வாரத்தை அச்சில் இருந்தபடியே வாசித்தேன், இத்தனை வாரம் பொய்யாக வாசித்ததையும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. "அவ்ளோதானா" என்று முனியம்மாள் கேட்டாள். "எப்பிடி செத்தா, யாரு பக்கத்துல இருந்தாங்க, கடைசியா இன்னா சொன்னா" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அதில் ஒன்றும் எழுதவில்லை அம்மா, எழுதினவனுக்கே தெரியாது, அவன் என் பிள்ளை, அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்றேன். அப்படிச் சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. கெங்கா எப்படிப் போனாள் என்று அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து முழுதும் சொன்னேன். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அவர்கள் அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை. ஊர்ப் பொம்பளைகளுக்குச் சொன்னதை உனக்குச் சொல்லாமல் வைத்திருப்பது முறையில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் உனக்கு அனுப்பிய கார்டிலும் ஒரே வரிதான் இருந்தது. கெங்கா காய்ச்சலில் போய்விட்டாள், காரியம் முடிந்தது, மனதைத் தேற்றிக்கொள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று நீ கேட்டதற்கு, திடீரென்று ஆகிவிட்டது, தந்தி கொடுக்கக்கூட நேரமில்லை என்று பதில் எழுதினேன். அது பொய். பதினேழு நாள் கிடந்தாள். டாக்டர் வந்து பார்த்து டைபாயிட் என்றார், மருந்து கொடுத்தார், நாங்களும் விடாமல் கொடுத்தோம். இரண்டு தரம் தவறிப்போன ஆபீஸ் பரீட்சை அந்த மாதக் கடைசியில் உனக்கு இருந்தது, தந்தி கண்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவாய், வேலை நிரந்தரமாகாது, இவள் எழுந்துவிடுவாள் என்று நான் கணக்குப் போட்டேன். என் கணக்கு தப்பிவிட்டது. தையில் ஓமந்தூர்ச் சம்பந்தத்துக்கு நாள் பார்த்திருந்தோம், அதனாலும் எழுந்துவிடுவாள் என்றே நம்பினேன்.

அவள் தினமும், "தம்பிக்கு எழுதினீங்களாப்பா" என்று கேட்டாள். எழுதிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறான் என்றேன். மதராஸிலிருந்து வரும் பகல் பாசஞ்சர் ஸ்டேஷனில் நின்று கிளம்புகிற சத்தம் நம் வீட்டுக்குக் கேட்குமே, அது கேட்டதும் தெருக்கதவைத் திறந்து வைக்கச் சொல்வாள். அம்மா திறந்து வைப்பாள். கடைசி மூன்று நாள் நினைவு வந்து வந்து போயிற்று, அப்போதும் வண்டிச் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்தாள். பதினேழாம் நாள் காலையில் அம்மா தலையை மடியில் வைத்துப் பார்லி கொடுத்தாள், இரண்டு மிடறு குடித்தாள். "எனக்குத் தூக்கமா வருதும்மா, அவன் வந்தா எழுப்பு" என்றாள். பிறகு பேசவில்லை. பகல் வண்டி வருவதற்கு முன்னால் மூச்சு நின்றுவிட்டது. நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்டால், அம்மாவும் நானும் இருந்தோம். பயப்படவில்லை அவள். நீ வந்துகொண்டிருக்கிறாய் என்று நம்பிக்கொண்டே போனாள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் பெரிது. உனக்கு எழுதிவிட்டேன் என்று அவளிடம் சொன்ன அன்றைக்கு அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள், அவளும் நம்பினாள். அக்கா சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தும் நீ வரவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று நீ கேட்டிருந்த கடிதத்தை அவளுக்கு வாசித்தபோது அந்த வரியைத் தாண்டிவிட்டேன். வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. ஒவ்வொரு கடிதத்திலும் அம்மா உன்னை விசாரித்தாள் என்று எழுதினேன், அவள் ஒரு தரமும் விசாரிக்கவில்லை. அக்கா இல்லாத வீட்டுக்கு வர மனமில்லை என்று நீ எழுதினாய், எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று, வா என்று நான் வற்புறுத்தவில்லை. கன்னியாகப் போனவளுக்கு வருஷா வருஷம் ஆவணியில் பூவாடைக்காரி படையல் போட்டுப் புதுப்புடவை வைக்க வேண்டும், நம் வீட்டில் கூடப்பிறந்தவன்தான் அந்தப் புடவையை வைப்பது என்று உனக்குத் தெரியும். போன வருஷம் அம்மா அதைப் போட விடவில்லை. உயிரோடு இருக்கும்போது வராதவன் கையால் அவளுக்குப் புடவை வேண்டாம் என்றாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அவள் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். "அப்போ அவனுக்குத் தெரியவே தெரியாதா" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதையே இன்னொரு தரம் கேட்டாள், நானும் இன்னொரு தரம் சொன்னேன். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், பேசுவதில்லை. அது நியாயம்தான்.

கதைக்கு வருகிறேன். கொற்றியை உயிரோடு கொண்டுவரச் சொல்லவில்லை, உன் கதையில் திரும்பி வந்தவர்கள் போதும். அவள் எப்படிப் போனாள் என்று ஒரு வாரம் எழுது, இளவரசன் அந்த ஒரு வாரம் சும்மா இருக்கட்டும். பன்னிரண்டு பேர் கேட்கக் காத்திருக்கிறார்கள், நீ எழுதுவதை எழுதியபடி வாசிப்பேன். ஆவணிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இப்போதே லீவுக்கு எழுதிப்போடு. மழைக்காலத்தில் வெளிச்சாப்பாடு வேண்டாம். என் மேல் உனக்குக் கோபம் வந்தால் அதை அப்படியே எழுது, நான் படிப்பேன். எல்லாச் சுகமும் உனக்குக் கிடைத்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
முருகையன்

கடிதத்தை மடிக்கப் போன சமயத்தில் அம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது, எழுது என்றாள். அவள் சொன்னதைக் கீழே எழுதியிருக்கிறேன், இரண்டு தரம் திருப்பி வாசித்துக் காட்டினேன், நானாக ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை.

"அக்கா உன்னக் கேட்டுக்கினே இருந்தா. நான் உன்னத் திட்டிக்கினே இருந்தேன். புடவ எடுத்துக்கினு வாடா."