இருபதாவது நிமிடத்தில் செத்த மகனுக்கு

சேசு மரி சூசை துணை

மூன்றாம் டிவிஷன், பத்து மேரா தோட்டம்,
பாலிங், கெடா, மலேசியா.
21.8.1985

அன்பு மகன் டக்ளஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை, ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் தோட்டத்து ஹாலில் நூறு பேர் பார்க்க உன்னைக் கோடாரியால் வெட்டிக் கொன்றார்கள். அது நடிப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது, பெற்ற வயிறு கேட்கிறதா?

ஜெரார்ட் அண்ணன் மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து லீவில் வந்தபோது நீ கொடுத்தனுப்பிய கடிதமும் வீடியோ கேசட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நில அளவை ஆபீஸில் உன் வேலையை நிரந்தரம் செய்கிறார்கள், இனி அங்கேயே தங்கிவிடவா, அம்மா சம்மதித்தால் அடுத்த மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன் என்று கேட்டிருந்தாய். என் பதில் சனிக்கிழமையே தயார். ஆறு வருஷம் போதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேர் என்று எழுதி ஒட்டியும் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் படத்தைப் பார்த்துவிட்டு வந்து அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன். ஏன் என்று முழுக்கப் படித்தால்தான் உனக்குப் புரியும், உன் அப்பா மாதிரி பாதியில் விட்டுவிடாதே.

அவர் செய்த கூத்தைக் கேள். நீ குடியிருக்கும் வீட்டை மூன்று வாரம் படக்காரர்கள் வாடகைக்கு எடுத்தார்கள், உனக்கும் ஒரு வேஷம் கொடுத்தார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தாய். அது ஒருவன் வரிசையாக ஆட்களை வெட்டுகிற மட்டமான படம், ஊரைக் கூட்டிக் காட்டாதீர்கள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாய். உன் அப்பா எந்தக் கடிதத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தார்? தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை, மருந்துச் சீட்டு நீளத்துக்கு மேல் எதையும் படிக்க மாட்டார். என் மகன் சினிமாவில் நடித்திருக்கிறான் என்று மூன்று டிவிஷனுக்கும் சொல்லியாயிற்று. டவுனில் வீடியோ கடை வைத்திருக்கிற நடராஜா டிவியையும் வீடியோவையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மாதப் பூசைக்கு வந்த ஃபாதரையும் விடவில்லை, சாப்பாடு போட்டு முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஜன்னலுக்கெல்லாம் சாரோங் துணியைக் கட்டி இருட்டாக்கினார்கள், உன் தங்கை பேட்ரிசியா சுங்கைப் பட்டாணி டவுன் ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு அதற்கென்றே பஸ் ஏறி வந்தாள்.

படம் ஆரம்பித்து ஐந்தாவது நிமிடம் ஒரு வெள்ளைக்காரப் பெண் குளிக்கப் போனாள். கதவைச் சாத்தினால்தான் என்ன? உன் அப்பா பாய்ந்து எழுந்து டிவிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அவர் முதுகைத்தான் நாங்கள் எல்லாரும் பார்த்தோம், தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. ஃபாதர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த வாலிபர்கள் டிரெஸ்ஸரே நகருங்க லா என்று கத்தினார்கள். அந்தப் பெண்ணைக் குத்த ஆரம்பித்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். குளிக்கிறதைப் பார்க்கக் கூடாது, குத்துகிறதைப் பார்க்கலாமாம்.

அந்தக் கொலைகாரனைப் பார்த்து யாரும் பயப்படவில்லை மகனே, அதை உன் படக்காரர்களிடம் சொல். தலையில் கோதுமை மாவுச் சாக்கை மாட்டிக்கொண்டு இரண்டு ஓட்டை போட்டிருக்கிறான். நம் ஆட்கள் மழைக் காலத்தில் உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், அவர்களுக்கு இது என்ன புதுசு? பக்கத்து வீட்டு மருதம்மாள் பார்த்த உடனே இது நம்ம மண்டோரு மாதிரில்ல இருக்கு, அவரும் இப்படித்தான் சத்தம் போடாம பின்னால வந்து நிப்பாரு என்றாள். ஹாலே சிரித்தது, எங்களை வேலை வாங்குகிற மண்டோரும் ஃபாதரும் மட்டும் சிரிக்கவில்லை. ரத்தம் தெறித்தபோது உன் அப்பா எழுந்து, முப்பது வருஷமா பாராங் கத்தி வெட்டுக் காயம் தைக்கிறேன், கழுத்துல பட்டா ரத்தம் இப்படி வராது, இது சிவப்புச் சிராப் தண்ணி என்று விளக்கம் கொடுத்தார். எந்த இடத்தில் எத்தனை தையல் போட வேண்டும் என்று ஒவ்வொரு கொலைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். கேட்கிறதற்கு ஆள் இருந்தால் போதுமே அவருக்கு.

மாதா சபைத் தலைவி கேதரின் அக்காவுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. தப்புப் பண்ணுனவங்கதான் வரிசையா சாவுறாங்க ஃபாதர், ஞானோபதேசத்துல சொல்றதுதானே இது என்று சொல்லி, பீர் குடித்தவன், முத்தம் கொடுத்தவள், பூசை நேரத்தில் தூங்குகிறவன் மாதிரி ஒருவன் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து நீ வந்தாய். ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, இங்கே டெலிபோன் கெட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, என் பிள்ளை. ஹால் முழுக்கக் கை தட்டியது, உன் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். அவர் கும்பிட்டு முடிப்பதற்குள் உன்னைக் கொன்றுவிட்டான். இருபதாவது நிமிடம், பேட்ரிசியா கடிகாரத்தைப் பார்த்தாள். நான் கத்திய கத்தில் நடராஜா படத்தை நிறுத்திவிட்டார். கேதரின் அக்கா மெதுவாக என்னிடம் குனிந்து, டக்ளஸ் தம்பி அங்க ஏதும் தப்பா போவுதா, சும்மா சாவடிக்க மாட்டாங்களே என்று கேட்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மருதம்மாள்தான், அந்தப் படத்துல கருப்பா இருந்தது அவன் ஒருத்தன்தான், அதாங்கா தப்பு, வேற என்ன லா தப்பு என்று ஒரே போடாகப் போட்டாள். ஃபாதர் முதல் தடவையாகச் சிரித்தார்.

செத்ததாகப் பேச்சு வந்தால் ஆயுசு கெட்டி என்பார்கள், அப்படியே எடுத்துக்கொள்வோம். மருதம்மாள் மறுநாள் உப்பும் மிளகாயும் கொண்டுவந்து உன் போட்டோவைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நான் வேதக்காரி, வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கேதரின் அக்கா உன் சுகத்துக்காகப் பூசை வைக்கிறேன் என்று போனாள், கோயிலில் பெயர் எழுதுகிறவர் மரித்தோர் பட்டியலில் உன் பெயரை எழுதிவிட்டார், உன் அப்பா சைக்கிளில் போய் அந்தப் பெயரை அடித்துவிட்டு வந்தார்.

இவ்வளவும் சிரிப்புக்கு. இனிமேல்தான் விஷயம். படத்தை மறுபடி ஓட விட்டபோது எல்லாரும் ரத்தத்தைப் பார்த்தார்கள், நான் உன் அடுப்படியைப் பார்த்தேன். படக்காரர்கள் சோம்பேறிகள், எதையும் மாற்றி வைக்கவில்லை போல. நான் அனுப்பிய மாதா காலண்டர் சுவரில் தொங்குகிறது. தட்டுக் கூடையில் ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு கரண்டி. கடைசியில் ஒரு பெண் மட்டும் தப்பித்து வீட்டை விட்டு வெளியே ஓடினாள். மருதம்மாள் நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள், ஏ பொண்ணு, பக்கத்து வீட்டுக்கு ஓடுடி, கதவத் தட்டு என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவளுக்கு என்ன தெரியும்? பக்கத்து வீடே இல்லை. புல்லும் கம்பி வேலியும்தான். அந்தப் பெண் கத்திக்கொண்டே ஓடினாள், ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் எல்லாரும் அந்தச் சாக்குக்காரன் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கிற நம் லயத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கோடாரியை எடுத்துக்கொண்டு வந்தால் முதல் வீட்டிலேயே யார் மகன் நீ, எந்த டிவிஷன், சாக்கைக் கழற்று முகத்தைப் பார்ப்போம் என்பார்கள். ஒரு சத்தம் கேட்டால் இருபது வீடும் திறந்துகொள்ளும். கொலை செய்ய ஒரு நிமிடம் தனிமை கிடைக்காது இங்கே, புருஷன் பெண்டாட்டி சண்டை போடவே கிடைப்பதில்லை. நான் சிரிக்கவில்லை. ஜெரார்ட் அண்ணன் மகனைப் பிடித்து, நிஜமாகவே அங்கே வீடு இல்லையா என்று கேட்டேன். மூணு மைலு தள்ளி இருக்கு ஆண்ட்டி என்றான். வேலை முடிந்து வந்தால் என் மகன் யாரோடு பேசுவான் என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, ரேடியோ இருக்கு என்றான். ஆறு வருஷமாகச் சுகம், சுகம் என்று எழுதுகிறாயே, நீ ஒரு தடவைகூட வேறு யார் பெயரையும் எழுதியதில்லை.

வா என்று சொல்லத்தான் ஆசை, மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்கு நீ வேண்டும். ஆனால் உன் அப்பாவுக்கு இரண்டு வருஷத்தில் ரிட்டயர், தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நாங்களே பேட்ரிசியாவின் வாடகை வீட்டுக்குத்தான் போக வேண்டும். படித்த படிப்புக்கு இங்கே வந்து என்ன செய்வாய்? நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக நீ சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் அங்கேயே இரு. ஆனால் என் சம்மதத்தை இந்தக் கடிதத்தில் அனுப்பவில்லை. ஜெரார்ட் அண்ணன் மகன் இரண்டாம் தேதி புறப்படுகிறான், முறுக்கு டின் ஒன்று கொடுத்தனுப்புகிறேன், உனக்கு இல்லை. நாலு பொட்டலமாகக் கட்டி, உனக்குக் கிட்டத்தில் இருக்கிற நாலு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ, மூன்று மைலோ முப்பது மைலோ. முன்கூட்டிச் சொல்லாமல் போனால் வெள்ளைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பாய். கோபித்துக்கொள்ளட்டுமே, கோபித்த முகமும் தெரிந்த முகம்தான். அந்த நாலு வீட்டுக்காரர்கள் பெயர், பிள்ளைகள் எத்தனை, என்ன வேலை, முறுக்கைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்பு. அந்தக் கடிதம் வந்த அன்றைக்கே என் சம்மதம் இங்கிருந்து தபாலில் ஏறும், நீ கையெழுத்துப் போடலாம்.

மழை தொடங்கிவிட்டது, உன் அப்பா முழங்காலுக்குத் தைலம் கேட்கிறார், நிறுத்துகிறேன். அவரும் பேட்ரிசியாவும் உனக்கு முத்தம் எழுதச் சொன்னார்கள். மாதா உன் தலைமாட்டில் நிற்கட்டும், நீண்ட ஆயுசோடு இரு ராசா. அந்த நாலு வீட்டிலும் மறக்காமல் ஒன்று சொல்லிவிட்டு வா. இனிமேல் என் வீட்டிலிருந்து கத்துகிற சத்தம் கேட்டால் அது படம் இல்லை, ஓடி வாருங்கள் என்று சொல்.

உன் அன்பு அம்மா,
சி. லூர்து மேரி