கடன் இல்லை என்று சொல்லிவிட்டேன்

வியாழன், இரவு

இன்று மதியம் என் மகள் ஜெனியைப் பற்றி விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். அவளுக்கு ராணுவ ரகசியம் புழங்கும் ஆபீசில் வேலை என்பதால், வீட்டில் விசாரித்த பிறகுதான் அங்கே வேலை பார்க்க அனுமதி தருவார்களாம். நான் பீங்கான் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். கைகூடக் கழுவவில்லை.

"பொண்ணு பேர்ல கடன் ஏதாச்சும் இருக்குதாம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

அவள் அப்பாவின் ஆபரேஷனுக்காக அவள் பெயரில் வாங்கிய கடன், தவணை தவறி நிற்கிறது. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்துவிட்டேன்.

சாயங்காலம் ஜெனியிடம் போனில் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"ஏம்மா இப்படிப் பண்ண? கடன் இருக்குதுன்னு ஆபீஸ் ஃபாரத்துல நானே எழுதிக் குடுத்துட்டேன். கடன் இருந்தாகூட பார்த்துக்கலாம், மறைச்சாதான் வேலை போவும்" என்று அழுதாள்.

உடனே அந்தப் போலீஸ்காரர் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்குப் போன் செய்தேன்.

"சார், மதியம் நான் சொன்னது பொய்ங்க. கடன் இருக்குது."

"வேற எதையாச்சும் மறைச்சிருக்கீங்களாம்மா?" என்றார்.

இல்லை என்றேன். அது உண்மைதான். அவர் நம்பினாரா என்றுதான் தெரியவில்லை.