பெத்தோ

மார்ச் 4

அண்ணன் கண் திறந்தான். தலைக்குள் இருந்த கட்டியைப் போன வாரம் எடுத்தார்கள். பேச்சு குழறலாம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். "தாய்மொழி பெரும்பாலும் தங்கிடும்" என்றும் சொன்னார். அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப தமிழுக்கு ஒண்ணும் ஆகாது."

ஆகிவிட்டது. அண்ணன் அம்மாவின் மொழியில் தண்ணீர் கேட்டான்.

டாக்டர் சொன்னதில் பிழையே இல்லை. தாய்மொழி என்றால் தாயின் மொழி.

மார்ச் 6

எங்கள் வீட்டில் தமிழ் மட்டும். அப்பாவின் சட்டம். அம்மா வேறு இனத்தவள். எங்கள் இருவருக்கும் அவள் நிறம், அவள் சுருட்டை முடி. அதனாலேயே அண்ணன் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதல் தமிழனாக இருக்க வேண்டியிருந்தது. பேச்சுப்போட்டியில் அவன் வாயைத் திறந்தால் சபை அசந்துபோகும் — இந்த மூஞ்சியிலேர்ந்து இந்தத் தமிழா! கைதட்டல் மூஞ்சிக்கு, கோப்பை தமிழுக்கு. வீட்டுக்குச் சுமந்து வந்தது அப்பா.

அம்மாவின் மொழியை அவர் இல்லாத நேரத்தில், சலவை மெஷின் ஓடும் சத்தத்தில் கற்றோம். கெட்ட வார்த்தை பழகுவதுபோல.

மார்ச் 9

கட்டி முழுக்கப் போகவில்லையாம். அதிக நாள் இல்லையாம்.

அண்ணன் பரிசு வாங்கிய பழைய பேச்சை அப்பா கட்டிலருகே உட்கார்ந்து படிக்கிறார். "என்கூடச் சேர்ந்து சொல்லுய்யா." அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பெத்தோ" என்றான். "பெத்தோ, பெத்தோ."

அம்மாவின் மொழியில், 'போதும்'.

அப்பா படிப்பதை நிறுத்தினார். "பெத்தோ... பெத்தோன்! பெற்றோன்! கடைசி எழுத்து மட்டும் தேஞ்சிருக்கு. உங்கம்மா மொழியே நம்மகிட்டேர்ந்து போனதுதாண்டி. என்னைத்தானே கூப்பிடுறான்?"

அவர் கண் நிறைந்திருந்தது. நான் பல் மருத்துவமனை வரவேற்பில் உட்காருபவள். 'வலிக்கவே வலிக்காது' என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழக்கம்.

"ஆமாப்பா" என்றேன்.

அம்மா சன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஏற்கெனவே சரியாக இருந்த திரை.

மார்ச் 11

இன்றும் படித்தார். அவன் பெத்தோ என்கிறான். இவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப்போட்டு, இன்னும் சத்தமாகப் படிக்கிறார். டாக்டர் அவனை ஓய்வெடுக்க விடச் சொன்னாரென்று அடுத்த பொய்யும் சொல்லிப்பார்த்தேன். "அவன் கூப்பிடுறான், நான் எழுந்து போகவா?"

உண்மையைச் சொன்னா நிறுத்திடுவார். செத்தும் போயிடுவார். சொல்லலைன்னா இவன் நிம்மதியா — ஐயோ, என்ன வேலைடி பண்ணி வச்சிருக்க?

மார்ச் 13

மதியம் போய்விட்டான்.

மார்ச் 16

வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்கிறார்: "கடைசி வரைக்கும் என்னைத்தான் கூப்பிட்டான். பெத்தோ, பெத்தோன்னு." அத்தை மூக்கைச் சிந்தினாள். "ரத்தம் விட்டுப்போகுமாண்ணா?" இந்த ரத்தத்தைப் பற்றி இத்தனை வருடமாக வேறு கருத்து வைத்திருந்தவள்.

தமிழ் தெரியாத மாமா, அம்மாவின் அண்ணன், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தலைதூக்கினார். அம்மா மெல்லத் தலையசைத்தாள் — வேண்டாம். மாமா தேநீரைப் பார்த்துக்கொண்டார்.

ஏப்ரல் 20

என்னையும் அப்படியே கூப்பிடச் சொல்கிறார். "ஒரு தடவை. அவன் சொன்ன மாதிரி." கூப்பிட்டால்தான் தட்டில் கை வைக்கிறார். காலையில் ஒரு 'போதும்', இரவில் ஒரு 'போதும்'.

ஜூன் 2

அம்மா பெட்டியோடு மாமா வீட்டுக்குக் கிளம்பினாள். எப்போது திரும்புவாள் என்று அவள் சொல்லவில்லை. அப்பா கேட்கவும் இல்லை. வாசலில் மட்டும், "போறப்ப நீயும் ஒருதரம் அதைச் சொல்லேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் மொழியை அவர் கேட்டு வாங்கியது இதுதான் முதல்முறை.

அம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். ஒரே தரம், அவசரமில்லாமல்.

கார் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு அப்பா உள்ளே வந்தார்.

"என்ன இருந்தாலும், உச்சரிப்பு உங்கம்மாவுக்குத்தான் சரியா வருது."